வாரச் சந்தைக்குப் போறவங்க இருக்கீங்களா? எந்த ஊர், எந்தக் கிழமை, என்ன வாங்கலாம்?

கத்தரிநாற்று எழுதியது:

காய்கறியை வீட்டு வாசல்ல கொண்டுவந்து கொடுக்கிற செயலி போன்ல இருக்கு. தெருமுனையில குளுகுளு கடை இருக்கு. அப்படியிருந்தும் வாரம் ஒரு நாள் ஆபீஸ் விட்டதும் ரெண்டு கட்டைப்பையைத் தூக்கிக்கிட்டு சந்தைக்குத்தான் போறேன். சூலூர் பக்கம் குடியிருக்கோம். "இன்னைக்கு எவ்வளவு மிச்சம் பண்ணினே?"ன்னு வீட்டுல கேட்டா சொல்லத் தெரியாது. தக்காளியில பிடிச்ச காசை பொரிகடலையிலும் சீப்பு, ஊக்கு, ரப்பர் பேண்டுலயும் விட்டுட்டுத்தான் வருவேன்.

எனக்குப் பிடிச்சது வேற. கடைக்குள்ள போனா வருஷம் பூரா அதே கேரட், அதே பீன்ஸ், அதே குடைமிளகாய். அந்த அலமாரியைப் பார்த்துட்டு இது தையா ஆடியான்னு யாராலும் சொல்ல முடியாது. சந்தையில சொல்லிடலாம். பொங்கலை ஒட்டி பச்சை மொச்சையும் பனங்கிழங்கும் குவிஞ்சு கிடக்கும். மாசி, பங்குனியில புதுப் புளி வரும், கறுக்காம, செம்பழுப்பு நிறத்துல. சித்திரையில வெள்ளரிப்பிஞ்சும் நுங்கும். ஆடிப் பட்டத்துக்கு முன்னாடி விதைக்காரங்க சாக்கை விரிச்சு உட்கார்ந்துடுவாங்க. மார்கழியில முருங்கைக்காய் விலையைக் கேட்டுட்டு மெதுவா கீழ வெச்சுட்டு நகர்ந்துடணும்.

பனங்கிழங்கு எந்த மாசம்னு ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிற பிள்ளைகளைக் கேட்டா முழிக்கிறாங்க. அதுக்காகத்தான் இந்த இழை. உங்க ஊர்ல எந்தக் கிழமை சந்தை கூடுது? எதுக்குப் பேர் போனது? எந்த நேரத்துக்குப் போகணும்? எழுதுங்க.

---

சங்ககிரியான் எழுதியது:

எங்க பக்கம் கிழமைக்கு ஒரு சந்தைங்க. சனிக்கிழமைன்னா கொங்கணாபுரம். ஆடு, கோழி, பருத்தி, காய்கறி எல்லாமே உண்டு. புதன்னா மேச்சேரி, ஆட்டுக்குப் பேர் போனது. மேச்சேரி ஆடுன்னு ஒரு செம்மறி இனமே இருக்குதுங்க, அந்த ஊர்ப் பேர்லயே. வேடிக்கை என்னன்னா நாமக்கல் பக்கத்துல புதன்சந்தைன்னே ஒரு ஊர் இருக்குது. அங்க மாட்டுச் சந்தை கூடுறது செவ்வாய்க்கிழமை! புதன்கிழமை போய் இறங்கினீங்கன்னா சாணிதான் கிடக்கும்.

ஞாயித்துக்கிழமை சும்மா இருந்தா போச்சம்பள்ளிக்கு ஒருவாட்டி போய்ட்டு வாங்க. கிருஷ்ணகிரி மாவட்டம். அந்தச் சந்தையைச் சுத்தி வர்றதுக்கே அரை நாள் ஆயிடும். ஆடு ஒரு பக்கம், தானியம் ஒரு பக்கம், துணி ஒரு பக்கம், மண்வெட்டி, களைக்கொத்து, அருவா ஒரு பக்கம்.

நேரத்தைப் பத்திக் கேட்டீங்களே. ஆடு, மாடுன்னா விடியறதுக்கு முன்னாடி. ஏழு மணிக்குப் போறவன் மிச்சத்தைத்தான் பார்ப்பான். கோழிக்கும் அதேதான். காய்க்கு அவசரமில்லைங்க, மத்தியானத்துக்கு மேல போதும். பொழுது சாஞ்சப்புறம் விலை இறங்கும், ஆனா நல்லதையெல்லாம் அதுக்குள்ள பொறுக்கியிருப்பாங்க. கீரையும் தக்காளியும் மறுநாளைக்குத் தாங்காதுன்னு கடைசியில அள்ளிக் கொடுப்பாங்க. வெங்காயம், பூண்டு, உருளைக்கெல்லாம் அந்த ஜம்பம் நடக்காது. மூட்டை கட்டி அடுத்த சந்தைக்குக் கொண்டுபோயிடுவாங்க.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

இழை ஆரம்பிச்ச தோழிக்கு வணக்கம். நான் கொஞ்சம் மாத்திப் பேசப் போறேன், கோவிச்சுக்காதீங்க.

சந்தையைப் பத்தி யார் எழுதினாலும் மண்வாசனை, மனுச வாசனைன்னு ஆரம்பிச்சுடறாங்க. எங்க ஊர்ச் சந்தையில வாசனை சாக்கடையிலிருந்து வருது. மழை பெஞ்சா கணுக்கால் அளவு சேறு. வண்டி நிறுத்த இடம் கிடையாது. ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்கி வீட்டுத் தராசுல போட்டா 850 கிராம். அடுத்த வாரம் அதே ஆள்கிட்ட போய்க் கேட்டா, "வாடியிருக்கும் சார், காத்துல எடை குறையும்"னு சிரிக்கிறார். கால் மணி நேரத்துல 150 கிராம் காத்துல போகுமா?

விலையும் அப்படி ஒண்ணும் மலிவில்லை. எங்க ஊர்ல உழவர் சந்தை இருக்கு. காலையில பலகையில விலை எழுதிப் போட்டுடறாங்க, பேரம் கிடையாது. அதோட ஒப்பிட்டா வாரச் சந்தையில பல காய்க்கு விலை ஒண்ணுதான், சிலதுக்குக் கூடுதல். பிறகு எதுக்கு அந்த நெரிசல்ல இடிபடணும்?

---

சங்ககிரியான் எழுதியது:

> பிறகு எதுக்கு அந்த நெரிசல்ல இடிபடணும்?

உழவர் சந்தையும் வாரச் சந்தையும் ஒண்ணு இல்லைங்க. உழவர் சந்தை 1999 நவம்பர் 14 மதுரை அண்ணா நகர்ல ஆரம்பிச்ச அரசுத் திட்டம். அடையாள அட்டை வெச்சிருக்கிற விவசாயிதான் அங்க கடை போட முடியும். தினமும் உண்டு. காலையில போய்க் காய் வாங்கி பத்து மணிக்குள்ள வீடு திரும்பறவங்களுக்கு அது அருமையான இடம், மறுக்கலை.

அங்க ஒரு கயிறு வாங்க முடியுமா? மூக்கணாங்கயிறு, மாட்டுச் சலங்கை, முறம், அருவாமனை, கோழிக்குஞ்சு, மிளகாய் நாத்து, ஆட்டுக்குட்டி? ரெண்டு ஏக்கர் வெச்சிருக்கிற குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்கு வேண்டியது அத்தனையும் ஒரே மைதானத்துல கிடைக்கிறது வாரச் சந்தையிலதான். டவுன்ல இருக்கிறவங்க காயை மட்டும் பார்த்துட்டு கணக்குப் போடறீங்க.

எடை விஷயத்துல நீங்க சொல்றது நிசம். அதுக்கு ஒரு வழி இருக்குது. எலக்ட்ரானிக் தராசுக்கு வருசா வருசம் முத்திரை போட்டாகணும், தொழிலாளர் துறையில இருந்து போடுவாங்க. முத்திரை எங்கேன்னு ஒரு வார்த்தை கேளுங்க. பொருளை வைக்கிறதுக்கு முன்னாடி தட்டோட சேர்த்து பூஜ்யம் காட்டுதான்னு பாருங்க. கேட்கிற ஆள்கிட்ட யாரும் விளையாட மாட்டாங்க.

---

பூக்கூடை எழுதியது:

தராசே இல்லாம வாங்குங்களேன்! கூறு எதுக்கு இருக்கு? கண்ணு முன்னாடி குவிச்சு வெச்சிருக்காங்க, பிடிச்ச கூறைக் காட்டினா பையில கொட்டப் போறாங்க. மேல நல்லதை அடுக்கி அடியில சொத்தையை வெச்சிருந்தா அது நம்ம கண்ணோட குத்தம். நான் கையை விட்டு அடியில ஒண்ணை எடுத்துப் பார்த்துட்டுத்தான் பேச்சே ஆரம்பிப்பேன்.

அப்புறம் ஒண்ணு. காய் விளைவிச்சவங்களே வந்து விக்கிறாங்களா, மண்டியில வாங்கி விக்கிறாங்களான்னு பார்த்தவுடனே கண்டுபிடிக்கலாம். விளைவிச்சவங்ககிட்ட ரெண்டு மூணு சாமான்தான் இருக்கும். ஒரு சாக்குல சுரைக்காய், பக்கத்துல கொஞ்சம் பச்சை மிளகாய், ஓரத்துல ரெண்டு கட்டு முருங்கைக்கீரை. காய் ஒண்ணு பெருசா, ஒண்ணு சிறுசா, ஒண்ணு கோணலா இருக்கும். எல்லாக் காயும் ஒரே அளவுல பளபளன்னு அடுக்கியிருந்தா அது மண்டிச் சரக்கு. மண்டிச் சரக்கு மட்டம்னு சொல்லலை. மலைக்காய் வேணும்னா அங்கதானே வாங்கணும்? ஆனா சுரைக்காயும் அவரையும் கீரையும் நான் முதல் ரகத்துக்கிட்ட மட்டும்தான் வாங்குவேன்.

---

கரிசல் எழுதியது:

எங்க எட்டயபுரம் சந்தையை யாரும் சொல்லலியே அண்ணாச்சி! சனிக்கிழமை. ஆட்டுக்குன்னே கூடுத சந்தை. தீவாளிக்கும் பக்ரீத்துக்கும் முந்தின வாரம் வந்து பாத்தீகன்னா கால் வைக்க எடம் இருக்காது. கன்னி ஆடு, கொடி ஆடு ரெண்டும் எங்க சீமை இனம். கன்னி ஆடு கருப்பா இருக்கும், மூஞ்சியில கண்ணுக்கு மேல ரெண்டு பக்கமும் கோடு எறங்கும். கொடி ஆடு ஒசரம், காலு நீளம்.

ஆட்டை எப்படிப் பாக்கணும்னு எங்க தாத்தா சொல்லிக் குடுத்தது: மொதல்ல தூரத்துல நின்னு நடையைப் பாரு. பொறவு வாயைப் பாரு, கண்ணைப் பாரு, மூக்குல சளி ஒழுகுதான்னு பாரு. பொறவுதான் முதுகெலும்பு மேல கையை வைக்கணும். விரல்ல எலும்பு குத்துச்சுன்னா கறி பிடிக்கலைன்னு அர்த்தம். கடைசியில தூக்கிப் பாக்கணும். யாவாரிமாரு தூக்கின உடனே "இது இத்தனை கிலோ கறி விழும்"னு சொல்லுவாக. அறுத்துப் பாத்தா அரைக் கிலோ முன்னப் பின்ன சரியா இருக்கும். உசுரோட இருக்கற எடையில பாதிக்கிட்டத்தான் கறின்னு பொதுவா ஒரு கணக்கு. வயித்துல தண்ணியை ரொப்பிக் கொண்டாந்திருந்தா அந்தக் கணக்கு தப்பும், அதனால வயித்தையும் ஒரு தட்டுத் தட்டிப் பாத்துக்கணும்.

புரட்டாசியில வெலை எறங்கும். பாதிச் சனம் கறி திங்காது. வளக்கதுக்குக் குட்டி வாங்குதவங்களுக்கு அதுதான் நேரம்.

தேர்தல் வந்தாத்தான் பாடு. கையில 50,000 ரூவாய்க்கு மேல வெச்சிருந்து கணக்குக் காட்டலைன்னா பறக்கும் படை பிடிச்சு வெச்சுக்கிடும். ஆட்டு யாவாரத்துல எவன் ரசீது போடுதான்? அந்த ரெண்டு மாசம் வெளியூர் யாவாரி ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாக.

---

தட்டுவடைசெட் எழுதியது:

ஆடு, எடை, முத்திரை எல்லாம் சரி. சந்தைக்குப் போறதே திங்கறதுக்குத்தான்னு ஒருத்தர்கூட ஒத்துக்க மாட்டேங்கறீங்களே!

எண்ணெய்ச் சட்டி பக்கத்துல ஒரு பெஞ்சு, தாள்ல மடிச்ச சூடான போண்டா. பொரியில கடலை, வெங்காயம், மாங்காய், மிளகாய்ப் பொடி போட்டுக் குலுக்கிக் கொடுக்கிற ஆள். தேன் மிட்டாய், எள்ளுருண்டை, சீனிச் சேவு, காராச்சேவு எல்லாம் குவிச்சு வெச்சு, ஈ ஓட்டறதுக்கு ஒரு பையன். என் பிள்ளைகளுக்கு பீட்சா வாங்கிக் கொடுத்தாலும் சந்தை ஜிலேபிக்கு அழுவாங்க. அது என்ன கலர்னு மட்டும் கேட்காதீங்க.

கணக்குப்பிள்ளை சார், நீங்க ஒரு வாரம் தராசை வீட்டுல வெச்சுட்டு வாங்க. நான் போண்டா வாங்கித் தர்றேன்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

போண்டாவுக்கு வர்றேன். தராசையும் கொண்டுதான் வருவேன்.

---

கருவாட்டுக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இந்த இழையை என் மகள்தான் படிச்சுக் காட்டினா. நான் சொல்லச் சொல்ல அவ தட்டச்சு பண்றா, நடுவுல அவ சொந்தச் சரக்கைச் சேர்த்தா நான் பொறுப்பில்லை.

நான் சந்தைக்குச் சந்தை கருவாடு விக்கிறேன். கல்யாணமாகி வந்த நாள்லருந்து இதே தொழில், மாமியார் கைக்கூடையை நான் வாங்கினேன். திங்கள் ஒரு ஊர், செவ்வாய் ஒரு ஊர்னு வாரம் பூரா சுத்து. ஞாயிறுதான் பெரிய யாவாரம். ஒரு நாள் மட்டும் வீடு, அன்னைக்குத்தான் சரக்கு எடுக்கப் போறது. எங்களை மாதிரி ஒரே சுத்துல வர்ற கடைக்காரங்க நாங்க நாப்பது அம்பது பேர் இருக்கோம். பாத்திரக்காரர், வளையல்காரர், பூண்டுக்காரர், கத்தி சாணை பிடிக்கிறவர். சொந்தக்காரங்களைவிட இவங்க மூஞ்சியைத்தான் அதிகம் பார்க்கிறோம். ஒருத்தர் வரலைன்னா அவங்க இடத்துல இன்னொருத்தரை உட்கார விடமாட்டோம், சாக்கைப் போட்டு வெச்சிருப்போம்.

பேரம் பத்தி ஒரு வார்த்தை. சில பேர் எங்கள்ட்ட வந்து, "பாவம் ஏழைங்க, பேரம் பேசக் கூடாது"ன்னு சொன்ன விலையைக் கொடுத்துட்டுப் போறாங்க. நல்ல மனசுதான். ஆனா நாங்க பேரத்துக்கு இடம் வெச்சுத்தானே விலை சொல்றோம்? பேசுங்க. பேசினாத்தான் அடுத்த வாரம் உங்க மூஞ்சி ஞாபகம் இருக்கும், கொசுறா ரெண்டு கருவாடு சேர்த்துப் போடத் தோணும். எங்களுக்கு ஆகாதது வேற ஒண்ணு. காலையில போணி ஆகாத நேரத்துல வந்து எல்லாத்தையும் கிளறி, மோந்து பார்த்து, விலையையும் பாதியாக் கேட்டு, நாங்க இறங்கி வந்தப்புறம் "சும்மா கேட்டேன்"னு போறது. அன்னைக்கு முழுக்க மனசு ஆறாது.

கருவாடு எப்படி வாங்கணும்னு சொல்றேன், எழுதி வெச்சுக்கங்க. நெத்திலின்னா தலை ஒட்டியிருக்கணும், வெள்ளி மின்னணும். மஞ்சள் பூத்திருந்தா பழசு. கையில எடுத்து மடக்கினா படக்குனு ஒடியணும். வளைஞ்சா ஈரம் இருக்கு, எடை கூடத் தெரியும், ஒரே வாரத்துல பூசணம் பிடிக்கும். உப்பு மேல படிஞ்சு வெள்ளையா நின்னா நீங்க உப்புக்குக் காசு கொடுக்கறீங்க. வாயில போட்டுப் பாருங்க, மண் நறநறன்னா மணல்ல காயப் போட்டது. வாளை, சுறா, கட்டாவெல்லாம் சதைப் பக்கம் மோந்து பார்க்கணும், தோல் பக்கம் இல்லை.

எங்க கடல்ல ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு போகக் கூடாது, 61 நாள். அப்ப பச்சை மீன் விலை ஏறும். ஜனம் கருவாட்டுக்கு வரும், ஆனா கருவாடு போடவும் மீன் வேணுமே. அதனால பங்குனியிலேயே சரக்கு எடுத்துப் பதுக்கி வெச்சிருக்கறவங்களுக்குத்தான் சித்திரை, வைகாசி லாபம். எனக்கு அந்த அளவுக்குக் கையில முதல் கிடையாது. ஐப்பசி மழையில யாவாரமே இல்லை. புரட்டாசியைப் பத்திக் கேக்காதீங்க.

சேறு, சாக்கடைன்னு ஒரு தம்பி எழுதியிருந்தாரே, அவர் சொன்னதுல பொய் இல்லை. அவர் அரை மணி நேரம் நின்னுட்டுப் போறார். நாங்க விடியக்காலையில வந்து ராத்திரி வரைக்கும் உட்கார்ந்திருக்கோம். நான் போற சந்தையில பாதி இடத்துல பொம்பளைங்க ஒதுங்க இடம் கிடையாது. இருக்கிற இடத்துலயும் பூட்டு தொங்குது. அதனால தண்ணியே குடிக்கிறதில்லை. வெயில் காலத்துலயும் அப்படித்தான். இதை எங்க போய்ச் சொல்றதுன்னு தெரியாம இங்க சொல்லிட்டேன்.

---

கத்தரிநாற்று எழுதியது:

அக்கா, நீங்க வந்து எழுதினது இந்த இழைக்கே மரியாதை. மகளுக்கும் நன்றி.

கழிப்பறை விஷயத்துல ஒண்ணு கேட்கணும். சந்தைக்குச் சுங்கம் வசூல் பண்றாங்களே, அந்தக் காசு எங்க போகுது? எங்க சந்தையில கடைக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு, ஆட்டுக்கு இவ்வளவுன்னு சீட்டு கிழிக்கிறாங்க.

---

ஊராட்சி எழுதியது:

பெயரைப் பார்த்து அதிகாரின்னு நினைச்சுடாதீங்க, முன்னாடி ஒரு முறை வார்டு உறுப்பினரா இருந்தேன், அவ்வளவுதான்.

சந்தை யாருக்குச் சொந்தமோ, அதாவது ஊராட்சியோ ஊராட்சி ஒன்றியமோ பேரூராட்சியோ நகராட்சியோ, அவங்க சுங்கம் வசூலிக்கிற உரிமையை ஏலம் விடுவாங்க. ஏப்ரல்ல தொடங்கற வருஷத்துக்கு மாசி, பங்குனியிலேயே ஏலம் நடந்துடும். ஏலம் எடுத்தவர் மொத்தத் தொகையைக் கட்டிடணும். பிறகு வாராவாரம் வசூல் பண்ணி அதை எடுத்துக்கறார். அதனால உள்ளாட்சிக்குப் பணம் முதல்லயே வந்துடுது, சந்தை நல்லா நடந்தாலும் நடக்காட்டாலும். சில ஊராட்சிகளுக்கு இதுதான் பெரிய சொந்த வருமானம்.

கோளாறும் அங்கதான். ஏலம் எடுத்தவருக்கு வசூல் மேலதான் கண்ணு, கூரை போடறதும் கழிப்பறை கட்டறதும் அவர் வேலை இல்லை. உள்ளாட்சிக்குக் காசு கைக்கு வந்தாச்சு, அது பொதுக் கணக்குல கலந்து தெருவிளக்குக்கும் குடிதண்ணிக்கும் போயிடும். நடுவுல கருவாட்டுக்கார அம்மா தண்ணி குடிக்காம உட்கார்ந்திருக்காங்க. 2020 மார்ச்சுல ஊரடங்கு போட்டு எல்லாச் சந்தையையும் மூடினப்ப, ஏலம் எடுத்தவங்க "கட்டின காசுக்கு என்ன வழி"ன்னு வரிசையில நின்னாங்க. வியாபாரிங்களுக்கு நிக்கிறதுக்கு அந்த வரிசைகூட கிடையாது.

செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. எதுக்கு எவ்வளவு கட்டணம்னு பலகை வெக்கச் சொல்லுங்க. சீட்டுல அச்சடிச்சிருக்கிற தொகைக்கு மேல ஒரு ரூபா கொடுக்காதீங்க. கழிப்பறைக்கு கிராமசபையில தீர்மானமா எழுதி வாங்குங்க. கிராமசபைக்கு உள்ளூர்க்காரங்க போகணும், வெளியூர் வியாபாரிக்கு அங்க ஓட்டு இல்லை. அதனால இந்த வேலை வாங்குறவங்களோடது.

---

வடசேரிப்பாலம் எழுதியது:

நாகர்கோவில்ல இருந்து ஒரு வணக்கம். எங்க மாவட்டத்துல திங்கள்சந்தைன்னு ஊரே உண்டு, திங்கக்கிழமை கூடின சந்தையாலதான் அந்தப் பேரு. குளச்சல் பக்கம் வெள்ளிச்சந்தையும் உண்டு. வடசேரியில கனகமூலம் சந்தை.

மேல எழுதினவங்க யாரும் கிழங்கைப் பத்திப் பேசலை. பொங்கலுக்கு முந்தின வாரம் எங்க சந்தையைப் பாக்கணும். சேனை, சேம்பு, காச்சில், சிறுகிழங்கு, மரச்சீனி (உங்க ஊர்ல மரவள்ளிம்பாங்க). சிறுகிழங்கைத் தோலோட சாக்குல போட்டுத் தேய்ச்சுக் கழுவுற வேலை எங்க வீட்டுல ஆம்பளைகளுக்கு. மரச்சீனி வாங்கும்போது ஒண்ணை ஒடிச்சுக் காட்டச் சொல்லணும், உள்ள நீலமா வரி ஓடியிருந்தா வேண்டாம், பறிச்சு நாளாச்சு. ஏத்தன் வாழைக் குலையைப் பாத்து வாங்கி வீட்டுல கட்டித் தொங்கவிட்டா ஒவ்வொண்ணா பழுக்கப் பழுக்க அறுத்துக்கலாம். கடையில சீப்பு வெட்டி வெச்சிருக்கதுல அந்தச் சுகம் இல்லை.

எங்க மீன்காரிமாருக்கிட்ட பேரம் பேசிப் பாருங்க கணக்குப்பிள்ளை அண்ணே. உங்க பூர்வீகம் முழுக்க வெளிய வந்துரும்.

---

வெள்ளிக்கிழமை எழுதியது:

சென்னைக்காரங்களுக்கு என்ன இருக்குன்னு யாரும் கேக்கல, நானே சொல்லிடறேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தை. பழைய டிரங்க் ரோடு முழுக்க. காய்கறி ஒரு ஓரமா இருக்கும், ஆனா அதுக்காக யாரும் போறதில்ல ப்ரோ. பழைய ரேடியோ, பழைய கேமரா, தையல் மெஷின், சைக்கிள் உதிரி, கம்ப்யூட்டர் போர்டு, பித்தளைக் குத்துவிளக்கு, மரக்கதவு, செடி, புறா, மீன் தொட்டி. ஒத்தைக் கால் செருப்பு வித்துட்டிருந்தவரையும் பார்த்திருக்கேன். யார் வாங்கறாங்கன்னு நின்னு பார்த்தேன், ஒருத்தர் வாங்கினார்!

செடி வாங்கறதுக்கு அதைவிட மலிவான இடம் எனக்குத் தெரியல. ஆனா பூ பூத்து நிக்கிற செடியை வாங்காதீங்க, வீட்டுக்கு வந்ததும் உதிரும். மொட்டு இருக்கிறதைப் பாருங்க. தொட்டியைத் தூக்கி அடியில வேர் எட்டிப் பார்க்குதான்னு பாருங்க. எலக்ட்ரானிக் சாமான்னா பேட்டரியைக் கையோட கொண்டு போங்க. "வேலை செய்யும் சார், வீட்டுல போய் பாருங்க"ன்னு சொன்னா வேலை செய்யாது.

வேலைக்குப் போறவங்களுக்கு வெள்ளிக்கிழமைங்கிறதுதான் கொடுமை. எங்க ஆபீஸ்ல வெள்ளிக்கிழமை தோறும் சிலருக்கு வயித்து வலி வரும்.

---

சங்ககிரியான் எழுதியது:

ஈரோட்டை விட்டுட்டமே. திங்கக்கிழமை ராத்திரி ஆரம்பிச்சு செவ்வாய் வரைக்கும் ஜவுளிச் சந்தைங்க, கனி மார்க்கெட்னு கேட்டா யாரும் வழி சொல்லுவாங்க. கேரளா, கர்நாடகா, ஆந்திரா யாவாரிங்க ராவோட ராவா வந்து மூட்டை கட்டிட்டுப் போயிடுவாங்க. மொத்த யாவாரம்தான், ஆனா வீட்டுக்கு நாலு லுங்கி, ரெண்டு பெட்ஷீட்டுன்னு கேட்டாலும் கொடுப்பாங்க. யாவாரி கூட்டம் ஓஞ்ச பின்னாடி, செவ்வாய் காலையில போங்க. அதுக்கு முன்னாடி சில்லறைக்காரனை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க.

மாட்டுச் சந்தைன்னா பொள்ளாச்சி, செவ்வாயும் வியாழனும். வாங்கறது பெரும்பாலும் கேரளாக்காரங்க. மாடு வாங்காட்டியும் ஒருவாட்டி நின்னு பார்க்கோணும். தரகர் ரெண்டு பேர் துண்டுக்கு அடியில கையைக் கோத்துட்டு நிப்பாங்க. விரலைப் பிடிக்கிறதுலதான் விலை. ஒரு விரல்னா நூறா ஆயிரமான்னு மாட்டைப் பார்த்தாலே அவங்களுக்குத் தெரியும். மூஞ்சியில ஒண்ணும் காட்ட மாட்டாங்க. பக்கத்துல நிக்கிற மாட்டுக்காரருக்கே என்ன விலை போகுதுன்னு கடைசியிலதான் தெரியும். அது நல்லதா கெட்டதான்னு கேட்டீங்கன்னா, மாட்டுக்காரருக்கு நல்லதில்லைன்னுதான் சொல்லுவேன். இப்ப இளவட்டப் பசங்க வாய்விட்டே விலை பேசிடறாங்க. பார்க்க அழகில்லை, ஆனா அதுதான் சரி.

வயசுக்கு வாயைத் திறந்து பல்லு எண்ணுவாங்க. கீழ்த்தாடை முன்பல்லு. பால் பல்லு விழுந்து ரெண்டு பல்லு போட்டிருந்தா ரெண்டு வயசு தாண்டினது. எட்டும் போட்டுட்டா "கடை சேர்ந்துடுச்சு"ன்னு சொல்லுவாங்க. அதுக்கு மேல வயசைக் கணிக்க பல்லுத் தேய்மானத்தைத்தான் பார்க்கோணும்.

---

கத்தரிநாற்று எழுதியது:

இவ்வளவு வரும்னு எதிர்பார்க்கலை. ஆளாளுக்கு ஒரு சந்தையைத் தூக்கிட்டு வந்துட்டீங்க!

சின்ன வெங்காயத்துக்கு ஒரு குறிப்பு சேர்த்துடறேன், எங்க பக்கத்து விவசாயி ஒருத்தர் சொன்னது. வெட்டின கையோட வர்ற வெங்காயத்துல ஈரம் இருக்கும், விலை குறைவு, பத்து நாள்ல முளைக்கும் இல்லைன்னா அழுகும். பட்டறையில, அதாவது காத்தோட்டமா வெங்காயத்தைச் சேமிச்சு வைக்கிற இடத்துல, போட்டு எடுத்தது காஞ்சு, தோல் உரிஞ்சு, சிவந்து இருக்கும். விலை கூட. சமையலுக்கு அன்னன்னைக்குன்னா முதல் ரகம் போதும், மாசக் கணக்குல வெச்சுக்கணும்னா பட்டறை வெங்காயம்தான்.

இப்ப எனக்கு ஒரு சந்தேகம். வீட்டுப் பின்னாடி கொஞ்சம் இடம் இருக்கு, ஏற்கெனவே ரெண்டு கோழி இருக்கு. அடுத்த வாரம் சந்தையில இன்னும் ரெண்டு நாட்டுக்கோழி வாங்கலாம்னு இருக்கேன். பஸ்லதான் வரணும். எப்படிக் கொண்டு வர்றது? டிக்கெட் கேட்பாங்களா?

---

தட்டுவடைசெட் எழுதியது:

கோழிக்கு சன்னல் சீட் கொடுத்தா டிக்கெட் கேட்பாங்க.

---

சங்ககிரியான் எழுதியது:

டிக்கெட் கண்டக்டரைப் பொறுத்ததுங்க. கூட்ட நேரத்துல ஏறாதீங்க, அவ்வளவுதான். ஒயர் பை இல்லைன்னா சணல் பையில ஒரு பக்கம் ஓட்டை போட்டு தலை வெளிய இருக்கிற மாதிரி வெச்சுக்கங்க. காலைக் கட்டறதுன்னா தளர்வா, துணியில கட்டுங்க, பிளாஸ்டிக் கயிறு அறுத்துடும். தலைகீழாத் தூக்கிட்டு வராதீங்க. ஏறுறதுக்கு முன்னாடி கொஞ்சம் தண்ணி காட்டுங்க.

வீட்டுக்கு வந்ததும் பழைய கோழிகளோட சேர்க்கக் கூடாது. ரெண்டு வாரம் தனியா, தனித் தண்ணி, தனித் தீனி. சந்தைக் கோழியில வெள்ளைக்கழிச்சல் வந்துச்சுன்னா இருக்கிறதும் போயிடும். கால்நடை மருந்தகத்துல தடுப்பூசிக்குச் சொல்லி வெச்சுடுங்க.

முட்டைக்குன்னா வெடைக்கோழியா, அதாவது இன்னும் முட்டை வைக்க ஆரம்பிக்காத இளசாப் பார்த்து வாங்கோணும். காலு செதில் வழவழன்னு இருக்கோணும், சொரசொரப்பா இருந்தா கிழடு. நெஞ்செலும்பு நுனியை விரல்ல அழுத்துங்க, வளைஞ்சா இளசு. கொண்டை சிவந்துட்டு வந்தா சீக்கிரமே முட்டை வைக்கும். பின்பக்கம் ஈரமா ஒட்டியிருந்தா எவ்வளவு மலிவாக் கொடுத்தாலும் தொடாதீங்க.

---

கருவாட்டுக்காரி எழுதியது:

கோழி வாங்கறதுன்னா விடியக்காலையில வா தாயி, ஆறு மணிக்கு மேல யாவாரிங்கதான் கூடையோட அள்ளிட்டுப் போறாங்க. ஞாயித்துக்கிழமை நான் கோழிக்காரங்களுக்கு எதிர் வரிசையிலதான் உட்கார்ந்திருப்பேன். அவங்க சொல்ற விலையை என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டு அப்புறம் காசை எடு.